ரேஸ் சீட்: இடுப்பை அளந்துவிட்டுப் பணத்தை எடுங்கள்

கேள்வி: டிராக்கில் ஓட்டுவதற்காக என் ஹேட்ச்பேக் காரைத் தயார் செய்துவருகிறேன். ரோல் கேஜ் (கார் உருண்டாலும் கூரை அமுங்காமல் தாங்கும் கம்பிக் கூண்டு) போட்டாயிற்று. அடுத்து, உடம்பை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் பக்கெட் சீட்டும், ஆறு பட்டைகள் கொண்ட ரேஸ் பெல்ட்டான ஆறு பாயின்ட் ஹார்னெஸும் வாங்க வேண்டும். என் உயரம் 5 அடி 10 அங்குலம், எடை 92 கிலோ. "எக்ஸ்.எல். எடுத்துக்கோங்க, தாராளமா இருக்கும்" என்கிறார் கடைக்காரர். அப்படியே ஆர்டர் போட்டுவிடலாமா?
- வாசகர், கோவை

பதில்: வேண்டாம், ஒரு நாள் பொறுங்கள். உயரத்தையும் எடையையும் மட்டும் வைத்து ரேஸ் சீட் வாங்க முடியாது. 92 கிலோ என்பது ஒருவருக்குத் தொடையில் இருக்கும், இன்னொருவருக்கு வயிற்றில் இருக்கும். உங்களுக்குத் தேவை மூன்று அளவுகள்: உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலம், தோள்பட்டையின் அகலம், உட்காரும் பலகையிலிருந்து தோள் வரை உள்ள உயரம்.

இடுப்பை அளக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. ரேஸ் சூட்டைப் போட்டுக்கொண்டு ஒரு மர பெஞ்சில் நேராக உட்காருங்கள். இரண்டு தடித்த புத்தகங்களை நிமிர்த்தி, இடுப்பின் இருபுறமும் லேசாக ஒட்டி நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் எழுந்த பிறகு, புத்தகங்களுக்கு இடையே டேப் பிடியுங்கள். உட்காரும்போது சதை விரியும் என்பதால், நின்று எடுத்த அளவு இதற்கு உதவாது. பேன்ட் சைஸும் உதவாது. சீட் கம்பெனியின் வரைபடத்தில் இடுப்புப் பக்கத்து உள் அகலம் எது என்று தேடி, அதோடு ஒப்பிடுங்கள். அதே படத்தில் வெளி அகலமும் போட்டிருப்பார்கள். அது உங்கள் காருக்கான அளவு, உங்கள் உடம்புக்கானது அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்கி, திருப்பிக் கொடுக்க முடியாமல் தவிப்பவர்கள் நிறைய.

"தாராளமா இருக்கும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். சீட் தளர்வாக இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் உடம்பு சரியும். ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கித்தான் ஓட்ட வேண்டியிருக்கும். அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தாலும் ஆபத்துதான். இடுப்பு அடிவரை இறங்காமல் பக்கத் தடுப்புகளின் மேலேயே தொங்கும், மடியின் குறுக்கே வரும் லேப் பெல்ட் இடுப்பெலும்பை விட்டு நழுவும்.

ஹார்னெஸையும் சீட்டையும் சேர்த்தே யோசியுங்கள், தனித்தனியாக வாங்காதீர்கள். லேப் பெல்ட் சீட்டின் பக்கத் துளை வழியாக உள்ளே வந்து, தொடை மடியும் இடத்தில் எலும்பின் மேல் படிய வேண்டும். வயிற்றில் ஏறக் கூடாது. முன்புற மோதலில் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் முன்னோக்கி வழுக்கினால், லேப் பெல்ட் ஏறி வயிற்று உறுப்புகளை நசுக்கும். கால்களுக்கு நடுவே வரும் இரண்டு பட்டைகளும் இதைத் தடுக்கத்தான். ஆகவே சீட்டின் உட்காரும் பகுதியில் அவற்றுக்கான துளை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

தோள் பட்டை இன்னும் நுட்பமானது. முதுகு நீளமாக உள்ளவருக்கு, சீட்டில் பட்டை நுழையும் துளை தோளுக்கு வெகு கீழே போய்விடும். அப்போது பட்டை தோளின் மேல் வளைந்து கீழ்நோக்கி இழுக்கும், மோதலில் அந்த விசை முழுக்க முதுகெலும்பை அழுத்தும். துளை தோள் மட்டத்தில், அல்லது சற்றே மேலே இருப்பது நல்லது. அங்கிருந்து பட்டை பின்னோக்கிப் போகும்போது கிடைமட்டத்துக்குக் கீழே 45 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதி, 10 டிகிரிக்குள் இருப்பதையே அது பரிந்துரைக்கிறது. பின் தரையில் கொக்கி போட்டுக் கட்டினால் இந்தக் கோணம் கிடைப்பது கடினம். கேஜில் குறுக்குக் கம்பி இருந்தால் அதில் கட்டுங்கள். பட்டையின் நீளம் குறையும், அதனால் அது இழுபட்டு நீள்வதும் குறையும்.

சீட்டைக் காரோடு பிணைக்கும் பிராக்கெட்டை லேத்தில் செய்துகொள்வதானால், குறைந்தது 3 மி.மீ. எஃகுத் தகடு, சீட்டுக்கு நான்கு இடத்தில் 8 மி.மீ. போல்ட் என்று எழுதியே கொடுங்கள். இந்தச் செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கடையில் ஷோகேஸ் சீட்டில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்ப்பது போதாது. ஹெல்மெட்டும், மோதலில் கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவியும் அணிந்து, இருபது நிமிடமாவது உட்காருங்கள். காரில் பொருத்திய பிறகு, முதுகு சீட்டை விட்டு நகராமல் கிளட்ச் முழுசாக அமுங்க வேண்டும். தோள் சீட்டில் ஒட்டியிருக்கும்போதே, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். ஹெல்மெட்டுக்கும் கேஜ் கம்பிக்கும் இடையே போதிய இடைவெளி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பாதி விலைக்கு ஒரு பழைய சீட் வருகிறது. எஃப்.ஐ.ஏ. ஸ்டிக்கரும் இருக்கிறது. வாங்கலாமா?
- வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: ஸ்டிக்கரைப் படியுங்கள். எஃப்.ஐ.ஏ. தர எண் 8855-1999 என்றிருந்தால், தயாரித்த தேதியிலிருந்து ஐந்து வருடம்தான் போட்டிக்குச் செல்லும். 8862-2009 என்றால் பத்து வருடம். மாதமும் வருடமும் அழிந்திருந்தால் தொடாதீர்கள். கம்பெனி பெயரும் மாடலும் எஃப்.ஐ.ஏ. வெளியிடும் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். போலி ஸ்டிக்கர் ஒட்டிய சீட்டுகளும் சந்தையில் சுற்றுகின்றன.

ஃபைபர்கிளாஸ் சீட் என்றால் உறையைக் கழற்றச் சொல்லி, போல்ட் துளைகளைச் சுற்றியும், முதுகும் அடியும் சேரும் வளைவிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைக் கோடாக விரிசல் தெரியும். விபத்துக்குள்ளான காரிலிருந்து கழற்றியது என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: தினமும் ஆபீஸுக்குப் போகும் காரில் பக்கெட் சீட்டும் நாலு பாயின்ட் பெல்ட்டும் போடலாமா?
- வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். உங்கள் கார் சீட்டிலேயே பக்க ஏர்பேக் இருந்தால், சீட்டைக் கழற்றும்போது அதுவும் போய்விடும். கேஜ் இல்லாத கார் உருண்டு கூரை அமுங்கினால், ஹார்னெஸ் உங்களை நிமிர்ந்தபடியே பிடித்துவைக்கும், தலை சாய இடமிருக்காது. நாலு பாயின்ட் பெல்ட்டில் கால்களுக்கு நடுவே பட்டை இல்லாததால், மேலே சொன்ன வழுக்கலுக்கும் தடை இல்லை. முதுகு வலிக்காகத்தான் சீட் மாற்றும் யோசனை என்றால், காரோடு வந்த மூன்று பாயின்ட் பெல்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு, சீட்டின் உயரத்தையும் சாய்வையும் முதலில் சரிசெய்து பாருங்கள்.