முகாமுக்கு ஆள் சேரவில்லையா? சம்பளக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். தொழிற்சாலையில் 60 பேர், சொந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க 80 பேர். போன வருடம் உடல்நலப் பரிசோதனை முகாம், யோகா வகுப்பு, நடைப்போட்டி மூன்றும் நடத்தினோம். வந்தவர்கள் பெரும்பாலும் ஆபீஸ் ஆட்கள்தான். பரிசு அறிவித்தும் பறிப்பவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. இந்த முறை அவர்களை எப்படி வரவழைப்பது?

பதில்: நாள் முழுக்க முதுகில் கூடையோடு சரிவில் ஏறி இறங்குபவருக்கு நடைப்போட்டி எதற்கு? வராததை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழக ஊழியர்களிடையே நடந்த பெரிய ஆய்வு ஒன்றிலும் இதே நிலைதான்: நலத்திட்டங்களில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே ஓரளவு ஆரோக்கியமாக இருந்தவர்கள். யாருக்கு நிகழ்ச்சி அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் வருவதற்குத் தடைகளும் அதிகம். அந்தத் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் பரிசு இல்லாமலே வருவார்கள்.

முதல் தடை காசு. பறிப்பவருக்குக் கிலோக் கணக்கு உண்டு. ஒரு மணி நேரம் மலையை விட்டு இறங்கினால் அன்றைய எடை குறையும், கூடுதல் கிலோவுக்கான காசும் போகும். ஆகவே முகாம் நேரத்தை வேலை நேரமாக எழுதுங்கள். அது மட்டும் போதாது. அந்த ஒரு மணி நேரத்துக்கு அவரவர் முந்தைய வாரத்தில் மணிக்குச் சராசரியாகப் பறித்த எடையை அன்றைய கணக்கில் சேருங்கள். இதை மேஸ்திரி வாய்மொழியாகச் சொன்னால் நம்ப மாட்டார்கள். மேனேஜர் கையெழுத்துப் போட்ட தாளை எடை போடும் இடத்தில் ஒட்ட வேண்டும். வேலை முடிந்த பிறகு முகாம் வைப்பது வீண். மினி பஸ்ஸை விட்டால் ஹட்டிக்கும் (படுகர் ஊர்) லயனுக்கும் (தோட்டக் குடியிருப்பு) நடந்துதான் போக வேண்டும். வீட்டில் அடுப்பு காத்திருக்கும்.

தொழிற்சாலைக்குள் கணக்கு வேறு. இலையை உலர்த்தும் டிரையர் ஓடும்போது அங்கிருந்து ஆளை எடுக்க முடியாது. இரவு ஷிப்ட் முடித்தவர் தூக்கத்தோடு நிற்பார். இயந்திரங்களை நிறுத்திச் சுத்தம் செய்யும் நாளைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் தூள் சலிக்கும் பகுதி, பேக்கிங் பகுதியிலிருந்து பத்துப் பத்துப் பேராக முதலில் அனுப்பிவிட்டு, மற்றவர்களை ஷிப்ட் மாறும் நேரத்தில் பாருங்கள்.

இரண்டாவது தடை பயம். 'சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள்' என்ற பேச்சு லயன்களில் சாதாரணமாக உலவும். இதை மதிக்க வேண்டும், ஏனென்றால் தற்காலிகத் தொழிலாளிக்கு இது உண்மையான ஆபத்து. முடிவு எழுதிய அட்டை மடித்த நிலையில் அவரவர் கைக்கு மட்டும் போகட்டும். நிர்வாகத்துக்கு மொத்த எண்ணிக்கை மட்டும்: இத்தனை பேருக்கு ரத்த அழுத்தம், இத்தனை பேருக்குக் கண்ணாடி தேவை. ஐந்து பேருக்குக் குறைவான குழுவைத் தனியே பிரித்துக் கேட்கக் கூடாது; ஆள் யார் என்று தெரிந்துவிடும். மேஸ்திரியோ சூப்பர்வைசரோ பரிசோதனை மேசைப் பக்கம் நிற்கக் கூடாது. எடை பார்க்கும் கருவியைத் திரைக்குப் பின்னால் வையுங்கள், எண்ணை உரக்கப் படிக்க வேண்டாம். வரிசையில் நிற்கும்போது 'குடிப்பீங்களா' என்று கேட்பது ஒன்றே ஆண்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடும். பெண்களுக்குப் பெண் செவிலியர் கட்டாயம். முடிவைக் காரணம் காட்டி யாரையும் வேலை மாற்றவோ நிறுத்தவோ மாட்டோம் என்ற வரியும் எடை போடும் இடத்தில் ஒட்டும் தாளிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது, வந்தால் கையில் என்ன கிடைக்கும் என்பது. இங்கேதான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும். எங்கள் கருத்தில் முதலிடம் கண் பரிசோதனைக்கு, அதுவும் அன்றே கண்ணாடி கையில் கொடுப்பதற்கு. 40 வயதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். கொழுந்தையும் முற்றிய இலையையும் பிரித்துப் பறிப்பதே சிரமமாகும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், கண்ணாடி பெற்றவர்களின் பறிப்பு, பெறாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. தொழிலாளிக்குக் கூலி, உங்களுக்கு இலை. நிர்வாகத்திடம் செலவுக்கு அனுமதி கேட்கும்போது இந்த எண்ணைக் காட்டுங்கள்.

அடுத்தது ரத்தசோகை. கோத்தகிரியும் குன்னூரும் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பவை. உயரத்தில் வாழ்பவருக்கு ஹீமோகுளோபின் (ரத்தத்தில் உள்ள இரும்புச்சத்துப் புரதம்) இயல்பாகவே கூடுதலாக இருக்கும். அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி இந்த உயரத்தில் வந்த அளவிலிருந்து சுமார் 1 கிராம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு எல்லை டெசிலிட்டருக்கு 12 கிராம். இங்கே 12.4 வந்தவரை 'நார்மல்' என்று அனுப்பினால் சோகை உள்ளவரைத் தவறவிடுகிறோம். சமவெளியிலிருந்து வரும் மருத்துவக் குழுவிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து சரியாக உடலில் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் என்ற ஒரு வரி, நம் ஊரில் எந்தச் சொற்பொழிவைவிடவும் பயன்படும்.

யோகா வகுப்பை ஆபீஸ் ஆட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பறிப்பவர்களுக்குக் காலையில் பெயர் எழுதும் இடத்திலேயே தோள், இடுப்பு, பின்தொடைக்கு ஐந்து நிமிட நீட்டல் பயிற்சி போதும். அதுவும் வேலை நேரத்தில்.

பரிசோதனை தவறாக நடந்தால் அந்தச் செய்தி ஒரே நாளில் எல்லா லயனுக்கும் போய்விடும். மலையில் வழக்கமாக நடக்கும் பிழைகள் சில உண்டு. ஸ்வெட்டர் மேலேயே ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றுவார்கள், அல்லது ஸ்வெட்டர் கையை இறுக்கிச் சுருட்டுவார்கள். இரண்டிலும் அளவு மாறும். ஸ்வெட்டரிலிருந்து ஒரு கையை வெளியே எடுக்கச் சொல்லுங்கள், அதற்குக் காற்றடிக்காத, மூடிய அறை வேண்டும். மேடேறி வந்தவரை உடனே அளக்கக் கூடாது. முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய, பேசாமல் ஐந்து நிமிடம் உட்காரட்டும். தேநீர், பீடிக்குப் பிறகு 30 நிமிடம் இடைவெளி தேவை, எனவே தேநீர் இடைவேளை முடிந்த கையோடு முகாமைத் தொடங்காதீர்கள். பரிசோதனை முடிந்தபின் சுண்டலோடு தேநீர் கொடுங்கள். குளிரில் விரல் நுனியில் ரத்தம் வராது, இரண்டு மூன்று முறை குத்துவார்கள், அடுத்தவர் வரிசையை விட்டே போய்விடுவார். வெதுவெதுப்பான நீரும் சோப்பும் வைத்துக் கை கழுவி, நன்றாகத் துடைத்த பிறகு குத்தினால் ஒரே முறையில் வரும். பழமோ இனிப்போ தொட்ட விரல் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும் கோளாறும் இதில் தீரும்.

நேரக் கணக்கு: ரத்த அழுத்தத்தை ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுத, ஒருவருக்கு ஐந்து நிமிடம். ஒரு மேசையில் மணிக்கு 12 பேர், இரண்டு மேசையில் 24. 140 பேருக்கு ஆறு மணி நேரம் ஆகும். ஒரே நாளில் அடைத்தால் வரிசை நீளும், எனவே மூன்று மூன்று மணி நேரமாக இரண்டு நாள். ஓய்வாக உட்காரப் பத்து நாற்காலி.

அழைப்புக்கு நோட்டீஸை நம்ப வேண்டாம். பத்துப் பேருக்கு ஒருவராக, மேஸ்திரி அல்லாத, மற்றவர்கள் பேச்சைக் கேட்கும் ஒருவரைப் பிடியுங்கள். எவ்வளவு நேரம், காசு பிடிப்பார்களா, என்ன பார்ப்பார்கள், முடிவை யார் பார்ப்பார்கள் என்ற நான்குக்கும் அவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். தமிழோடு படுகர் மொழியிலும் சொல்லட்டும். ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்கள் இருந்தால் இந்தியிலும்.

முகாம் முடிந்த ஒரு வாரத்தில் நீங்கள் செய்வதை வைத்துத்தான் அடுத்த முகாமுக்கு ஆள் வரும். 140/90 அல்லது அதற்கு மேல் வந்தவரை வேறொரு நாள் திரும்ப அளக்க வேண்டும். 180/110-ஐத் தொட்டால் அன்றே வண்டியில் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எந்த நேரத்திலும் எடுக்கும் சர்க்கரை 200-ஐ எட்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உறுதிசெய்ய வேண்டும். உறுதியானவர்களுக்கு 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வழியாக வீட்டுக்கே மாத்திரை வரும். அதற்குப் பெயர் பதிய உதவுங்கள். தொழிற்சாலை ஆட்களுக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) அட்டை நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மருத்துவமனைக்குப் போகும் அரை நாளுக்கும் கூலி கொடுங்கள். செவிலியர் ஒரு மாதம் கழித்து வந்து, அனுப்பியவர்களில் எத்தனை பேர் மருத்துவரைப் பார்த்தார்கள் என்ற எண்ணை மட்டும் உங்களிடம் தரட்டும்.

தேதியைப் பொறுத்தவரை, இலை குவியும் ஏப்ரல் முதல் ஜூன் வரை வேண்டாம். கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பர் மழையில் பாதை சறுக்கும். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை நாட்களில் ஹட்டிகளிலிருந்து யாரும் வரமாட்டார்கள். இலை குறையும் பிப்ரவரியில், வெயில் ஏறிய பிறகு பத்து மணிக்குத் தொடங்குங்கள். வட்டார மருத்துவ அலுவலருக்கு ஜனவரி முதல் வாரமே கடிதம் போய்விட வேண்டும்.