பச்சை விளக்கு எரிகிறது, பேட்டரி நிறையவில்லை

கேள்வி: வீட்டு மாடியில் 12 வோல்ட் சோலார் வைத்திருக்கிறேன். 150 ஏஎச் டியூபுலர் (ஈய-அமில வகை) பேட்டரி, பேனல் கரண்டை முறைப்படுத்தி அதில் ஏற்ற 30 ஆம்பியர் எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலர். மதியமே 'ஃபுல்' என்று பச்சை விளக்கு வருகிறது. ஆனால் ராத்திரி எட்டரைக்கெல்லாம் லைட் மங்கிவிடுகிறது. பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?

பதில்: நாளை மதியம் வரை பொறுங்கள். பேட்டரி விற்பவரிடம் கேட்டால் பேட்டரிதான் போயிருக்கும்.

பேட்டரியின் நிலை பற்றிக் கன்ட்ரோலருக்குத் தெரிவது பெரும்பாலும் இரண்டே விஷயம்: தன் டெர்மினலில் உள்ள வோல்ட்டேஜ், தன் சென்சார் காட்டும் வெப்பம். இவற்றை நம்பித்தான் எவ்வளவு சார்ஜ் ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்கிறது.

முதலில் ஒயர். கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவே மூன்று மீட்டர் தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் போட்டிருந்தால், 30 ஆம்பியர் ஓடும்போது போக வர 1.2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். கன்ட்ரோலர் 14.4 பார்க்கும், பேட்டரிக்குக் கிடைப்பது 13 சொச்சம். 14.4-ஐத் தொட்டதும் பல கன்ட்ரோலர்கள் டைமரை ஓடவிட்டு, இரண்டு மணி நேரத்தில் 'ஃபுல்' என்று முடித்துக்கொள்ளும். நல்ல வெயிலில், சார்ஜ் ஏறும்போதே மல்ட்டிமீட்டரைக் கன்ட்ரோலர் டெர்மினலில் வையுங்கள். உடனே பேட்டரியின் ஈயக் கம்பத்தில் வையுங்கள். லக்கில் (ஒயர் முனையில் உள்ள உலோக வளையம்) வைக்கக் கூடாது, கம்பத்திலேயே. வித்தியாசம் 0.2 வோல்ட்டைத் தாண்டினால் தடித்த ஒயர் போடுங்கள், பச்சை பூத்த லக்கைச் சுரண்டி இறுக்குங்கள். கொட்டேஷனில் நூறு இருநூறு குறைத்துக் காட்ட முதலில் கை வைப்பது இந்த ஒயரில்தான்.

அப்புறம் வெப்ப சென்சார். ஒரு டிகிரி கூடினால் சுமார் 0.024 வோல்ட்டைக் கன்ட்ரோலர் குறைத்துக்கொள்ளும், குளிர்ந்தால் அதே அளவு கூட்டிக்கொள்ளும். அது சரியான வேலைதான். ஆனால் சென்சாரைப் பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டாமல், சுருட்டிக் கன்ட்ரோலரின் சூடான ஹீட் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பகுதி) பக்கம் செருகிவிட்டுப் போகிறார்கள். பேட்டரி 35 டிகிரி, சென்சார் சொல்வது 55 என்றால் அரை வோல்ட் குறைவாகவே சார்ஜ் ஆகும். மாதக்கணக்கில் இப்படிப் போனால் நல்ல பேட்டரியும் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிந்து சாகும். கன்ட்ரோலரை வாரண்டியில் கொடுத்தால் அதன் போர்டை மட்டும் வாங்கிக்கொண்டு, சில வாரம் கழித்து 'பழுதில்லை' என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். சென்சார் எங்கே தொங்குகிறது என்று பார்க்க எவரும் வரமாட்டார்.

'எம்பிபிடி' (பேனலின் முழுத் திறனையும் எடுக்கும் வகை) என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகளில் பாதி விலைக்கு வருபவை பலவும் சாதாரண பிடபிள்யூஎம் (பேனலை அப்படியே பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் எளிய வகை) தான். அதையும் சந்தேகப்படுங்கள்.

பின்னால் லித்தியம் பேட்டரிக்கு மாறினால் ஒன்றைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும்: இந்த வெப்பத் திருத்தத்தைப் பூஜ்யமாக்குங்கள். மாற்றாமல் விட்டால், ஊட்டியில் ஜனவரிக் காலை 5 டிகிரியில் கன்ட்ரோலர் 14.4-ஐ 14.9 வரை தூக்கும். லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) பட்டென்று துண்டிக்கும். ஓடிக்கொண்டிருந்த கரண்டுக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்ட்டேஜ் எகிறி, கூட மாட்டியிருக்கும் இன்வெர்ட்டரையும் பதம் பார்க்கலாம். சமவெளி வெயிலில் நேர்மாறாக, வோல்ட்டேஜ் போதாமல் செல்கள் சமனாகாது. பேட்டரியை மாற்றித் தருபவர் பெரும்பாலும் செட்டிங்கைத் தொடுவதில்லை. நீங்களே மெனுவில் நுழைந்து பாருங்கள்.

சரி, உங்கள் டியூபுலருக்கு வருவோம். ஒயரையும் சென்சாரையும் சரிசெய்து, நான்கைந்து நாள் முழு வெயிலில் ஏற்றியபின் ஹைட்ரோமீட்டர் (அமிலத்தின் அடர்த்தி காட்டும் கருவி) வைத்துப் பாருங்கள். ஆறு செல்லும் 1240-ஐ ஒட்டி நின்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது. ஐந்து ஏறி, ஒன்று மட்டும் 1150-லேயே நின்றால் கடைக்காரர் சொன்னது சரி.