ஸ்பீக்கருக்குப் பின்னால் நான்கு டெர்மினல் (ஒயர் மாட்டும் முனை) இருக்கிறது, ஒயர் இரண்டுதான். எப்படி இணைப்பது?

முதலில் ஸ்பீக்கரைத் திருப்பிப் பாருங்கள். மேல் சிவப்பையும் கீழ் சிவப்பையும் சேர்த்து ஒரு சின்னத் தகடு, கறுப்பு இரண்டையும் சேர்த்து இன்னொன்று இருக்கிறதா? இருந்தால் அதைத் தொடாதீர்கள். ரிசீவரிலிருந்து, அதாவது ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியிலிருந்து, வரும் ஒரு ஜோடி ஒயரை மேலேயோ கீழேயோ ஏதாவது ஒரு ஜோடியில் மாட்டினால் போதும், வேலை முடிந்தது.

நான் பட்ட பாடு இந்தத் தகட்டால்தான். சென்னையில் வீடு மாறிய அத்தை மகன், தன் பழைய டவர் ஸ்பீக்கர்களைக் கும்பகோணத்துக்கு எனக்கு அனுப்பிவைத்தான். வரும் வழியில் தகடுகள் எங்கோ கழன்று விழுந்திருக்கின்றன. அப்படி ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது. கீழ் ஜோடியில் ஒயரை முடுக்கி, ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டேன். தவிலில் தொப்பி என்ற இடப்பக்கம் மட்டும் தொம் தொம்மென்று அறையை நிரப்புகிறது. வலந்தலை என்ற வலப்பக்கத்தில் கூடு போட்ட விரல் விழும் அந்தச் சுள்ளென்ற சத்தத்தைக் காணோம். நாயனமோ யாரோ வாயைப் பொத்திவிட்ட மாதிரி. இரண்டு நாள் ரிசீவர் மெனுவில் ட்ரெபிளை (கீச்சு ஒலியின் அளவை) ஏற்றி ஏற்றிப் பார்த்தேன்.

எங்கள் தெருவில் மைக் செட் வாடகைக்கு விடும் அண்ணன் ஒருவர் வந்து, கீச்சு ஒலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரில் காதை வைத்தார். "என்ன தம்பி, இதுக்குக் கரண்டே போகலையே" என்று பின்னால் எட்டிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். ரிசீவரை அணைக்கச் சொல்லி, மிச்சம் கிடந்த ஸ்பீக்கர் ஒயரில் நாலு விரற்கடை வெட்டி, முனைகளைச் சீவி, சிவப்போடு சிவப்பையும் கறுப்போடு கறுப்பையும் இணைத்தார். வலந்தலை திரும்பி வந்தது. இன்றுவரை அந்தத் துண்டு ஒயர்கள்தான் தகடு.

விஷயம் இதுதான். பெரும்பாலும் மேல் ஜோடி ட்வீட்டருக்கு, கீழ் ஜோடி கனத்த ஒலி தரும் பெரிய ஊஃபருக்கு. உள்ளே ஒலியை இரண்டுக்கும் பிரித்துத் தரும் கிராஸ்ஓவரே இரண்டு தனித்தனிப் பாகமாக இருக்கும். தகடு அவற்றைச் சேர்த்துவைக்கிறது. அதனால் 8 ஓம் (மின்தடையின் அளவு) ஸ்பீக்கர் 4 ஓமாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொரு பாகமும் தனக்குரிய அலைவரிசையை மட்டும்தான் இழுக்கும்.

அப்படியானால் நான்கு எதற்கு? பை-வயரிங், பை-ஆம்பிங் என்ற இரண்டு ஆசைகளுக்கு. முதலாவதில் தகட்டைக் கழற்றிவிட்டு, ரிசீவரின் ஒரே ஜோடியிலிருந்து இரண்டு ஒயர் இழுப்பார்கள். என் காதுக்கு ஒயர் செலவு கூடியது மட்டும்தான் தெரிந்தது. இரண்டாவதில் ட்வீட்டருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் சேனல், ஊஃபருக்கு இன்னொன்று. ஒரே ரிசீவரில் இதைச் செய்ய 7.1 ரிசீவராவது (ஏழு ஸ்பீக்கர், ஒரு சப்ஊஃபருக்கானது) வேண்டும். அதில் ஐந்து ஸ்பீக்கரும் சப்ஊஃபரும் (5.1) மட்டும் மாட்டியிருப்பவர்களுக்கு சும்மா கிடக்கும் சரவுண்ட் பேக் (பின்பக்க ஸ்பீக்கர்) சேனல்களை, மெனுவில் பை-ஆம்ப் என்று மாற்றி, முன் ஸ்பீக்கர்களுக்குத் தரலாம். அதிலும் பெரிய லாபத்தை எதிர்பார்க்காதீர்கள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு என்று இரண்டு பக்கம் மதகைத் திறந்தாலும் மேட்டூரில் விட்ட தண்ணீர்தானே வரும்? அதுபோல இரண்டு சேனல் எடுத்தாலும் பின்னால் இருப்பது ரிசீவரின் ஒரே பவர் சப்ளைதான்.

ஆனால் பை-ஆம்ப் செய்வதென்றால் தகட்டைக் கட்டாயம் கழற்றியாக வேண்டும். மறந்தால் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் வெளியீடும் நேருக்கு நேர் முட்டி, ரிசீவர் புகைந்துவிடலாம். இந்த ஒன்றில் மட்டும் அலட்சியம் கூடாது.

ஒயர் மாட்டும்போது இழைகளை நன்றாக முறுக்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு இழை சிவப்பிலிருந்து கறுப்பைத் தொட்டாலும் ஷார்ட்தான். நல்ல ரிசீவர் தானாக அணைந்துகொள்ளும். சிவப்பும் கறுப்பும் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் எதுவும் கெடாது, பாஸ் சோகை பிடித்தாற்போல் ஆகிவிடும். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் செம்பு முனை பச்சை பூத்துவிடும். நான் தை பிறந்ததும் அரை அங்குலம் வெட்டி, புதிதாகச் சீவி மாட்டிவிடுவேன்.

எல்லாம் மாட்டியபின் சத்தத்தைக் குறைத்து வைத்து, ஒவ்வொரு ட்வீட்டரிலும் ஊஃபரிலும் காதை வைத்துப் பாருங்கள். ஒன்று பேசவில்லை என்றால் மெனுவுக்குப் போகாமல், தகட்டின் திருகு தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.