சாக்கு எடுத்துக்கொண்டு போனவர்

வணக்கம் சார்,

ஐரோப்பிய மந்திரச் சுவடிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பைபிளில் வரும் சாலமோன் அரசர் பெயரில் இருக்கும் 72 ஆவிகளின் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். அதில் ஐந்தாறு பேருக்காவது புதையல் காட்டுவதும் ஒரு வேலை. இரட்டைத்தலை டிராகன்மேல் சிறகு வைத்த சிறுவனாக வரும் வாலாக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். இதையெல்லாம் நம்பித்தான் எழுதினார்களா, இல்லை ஊரை ஏமாற்றவா? நம்பியிருந்தால், முதல் தடவை தோண்டி ஒன்றும் கிடைக்காதபோதே சுவடியை அடுப்பில் போட்டிருப்பார்களே?

ஒரு வாசகர்

வணக்கம்.

ஏமாற்றியவர்கள் நிறையப் பேர். ஆனால் ஏமாற்றுகிறவன் குளிர்கால ராத்திரியில் சாக்கு எடுத்துக்கொண்டு போகமாட்டான். லண்டனில் 1634-இல் அரசரின் கடிகாரக்காரர் டேவி ராம்சே அப்படித்தான் போனார், வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தை ஒட்டிய நடைமண்டபத்தில் புதையல் இருப்பதாகக் கேள்விப்பட்டு. அனுமதி கொடுத்த டீன், அதாவது தேவாலயத்தின் தலைமைப் பாதிரி, கிடைத்தால் தேவாலயத்துக்கும் பங்கு என்று முன்கூட்டியே பேசிவிட்டார் (விவரமானவர்). கூடப் போன ஜோதிடர் வில்லியம் லில்லி இதைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். புதையல் இருக்கும் இடத்தைக் காட்டும் என்று கையில் பிடித்துப்போன குச்சிகள் ஒன்றின்மேல் ஒன்று திரும்பிய இடத்தில் ஆறடி தோண்டினார்கள், ஒரு சவப்பெட்டி வந்தது, கனமாக இல்லையே என்று திறக்காமலே விட்டுவிட்டு அப்புறம் ரொம்ப வருத்தப்பட்டார்கள். பிறகு தேவாலயத்துக்குள் போனால் திடீரென்று பேய்க்காற்று, ஒன்றைத் தவிர எல்லா விளக்கும் அணைந்தோ மங்கியோ போக, லில்லி ஆவிகளைத் திருப்பி அனுப்பச் சொன்ன பிறகுதான் அடங்கியதாம். காரியம் கெட்டது ஏன்? முப்பது பேர் கூடி, சிலர் சிரித்து, சிலர் கேலி செய்ததால். மந்திரத்தில் தப்பு என்று லில்லி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சுவடி அடுப்புக்குப் போகாததும் இதனால்தான். தோற்றால் காரணம் தயாராக இருக்கும். 1520களில் நார்ஃபோக்கில் வில்லியம் ஸ்டேபிள்டன் என்று ஒரு துறவி, விடியற்காலைப் பிரார்த்தனைக்கு எழுந்திருக்க முடியாமல் தண்டனை வாங்கிக்கொண்டே இருந்தவர், காசு கொடுத்து மடத்தைவிட்டு விடுபட வேண்டும் என்றே புதையல் வேட்டையில் இறங்கினார். அவருக்குத் தெரிந்த பாதிரிகள் அழைத்த ஓபெரியன் என்ற ஆவி வந்ததாம், ஆனால் வாய் திறக்கவில்லையாம், ஏற்கனவே அரசரின் முதன்மை அமைச்சர் கார்டினல் வூல்சிக்குக் கட்டுப்பட்டுவிட்டதாம். இதை அவர் எழுதியது அதே வூல்சிக்குத்தான்!

எல்லாமே இப்படிச் சிரிப்பாக முடியவில்லை. ஜெர்மனியில் யேனா ஊருக்கு வெளியே, 1715 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, ஒரு மாணவனும் இரண்டு விவசாயிகளும் பிசாசுக்கு ஆன்மாவை விற்றதாகக் கதையில் வரும் மந்திரவாதி ஃபாவுஸ்ட் பெயரில் உலவிய மந்திர நூலோடு திராட்சைத் தோட்டக் குடிசையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். குளிருக்குக் கரிக் கணப்பு. மறுநாள் பார்த்தால் விவசாயிகள் இருவரும் பிணம், மாணவனுக்குப் பேச்சுமூச்சு இல்லை. பிசாசு அடித்துவிட்டது என்றது ஊர். கரிப்புகைதான் என்று ஹாலே நகர மருத்துவர் ஃப்ரெட்ரிக் ஹோஃப்மன் 1716-இல் எழுதினார். ஆனால் அதற்கு முன்பே, பிணங்களுக்குக் காவல் வைத்த மூன்று பேரும் அன்று ராத்திரி குளிர் தாங்காமல் அதே குடிசையில் கரி மூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விடிந்தபோது அதில் ஒருவர் செத்துக் கிடந்தார்.