வாழைத் தோட்டத்தில் இரவுநோக்கி வெள்ளையாகிறதா?

அண்ணாச்சி, களக்காட்டு வாழைத் தோட்டத்தில் பன்றி பார்க்க வாங்கிய இரவுநோக்கி, அதன் அகச்சிவப்பு விளக்கைப் போட்டதும் திரை முழுக்க வெள்ளையாகிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கருவியில் பழுதில்லை. முன்னால் நிற்கும் இலைதான் காரணம். பச்சை இலை அகச்சிவப்பைச் சுண்ணாம்புச் சுவர் போலத் திருப்பி அடிக்கும். பரண்மேல் ஏறி, இலைகளுக்கு மேலிருந்து பாருங்கள். விளக்கின் வீச்சையும் குறையுங்கள்.

ராணுவத் துப்பாக்கியில் உள்ளதைப் போல இல்லையே என்று வருந்தியிருந்தீர்கள். அதிலுள்ள குழாய் நட்சத்திர ஒளியையே எலெக்ட்ரான்களாக்கி, பல்லாயிரம் மடங்கு பெருக்கிப் பச்சைத் திரையில் காட்டும், விளக்கே வேண்டாம். உங்களுடையது கேமரா சென்சார், அதற்கு விளக்கு வேண்டும், விலையும் அதற்கேற்றதுதானே! விளக்கின் அலைநீளம் 850 நானோமீட்டர் என்றால் முகப்பில் மங்கிய சிவப்பு தெரியும். 940 என்றால் தெரியாது, ஆனால் எட்டும் தூரம் குறையும்.