உண்மையையே கிண்டலாகச் சொல்லி, யாரும் நம்பாமல் போகிற காட்சியைக் கதையில் எப்படி எழுதுவது?

ஒரு பாத்திரம் தான் செய்த காரியத்தைக் கேலியாக ஒப்புக்கொள்கிறது, கேட்டவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். பிறகு அது உண்மை என்று தெரியவர வேண்டும். ஆனால் எழுதிப் பார்த்தால் ஒன்று செயற்கையாக இருக்கிறது, இல்லையென்றால் வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுகிறார் என்கிறீர்கள். அநேகமாகக் கோளாறு ஒரே இடத்தில்தான். கேலி தொனியில் இருக்க வேண்டும். நீங்கள் அதைத் தகவலுக்குள் கொண்டுபோய் வைத்திருப்பீர்கள்.

அம்மாவின் சங்கிலியை மகன் அடகு வைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். முதல் முயற்சியில் பலரும் இப்படித்தான் எழுதுவார்கள்:

“டேய், என் சங்கிலியப் பாத்தியா?”
“ஆமா, நான்தான் திருடி வித்து, சிங்கப்பூர்ல பங்களா வாங்கிட்டேன்!”

இதில் ஒப்புதலே இல்லை. அவன் விற்கவில்லை, அடகுதான் வைத்தான். பங்களாவும் இல்லை. பின்னால் உண்மை தெரிந்து வாசகர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் ‘நான்தான்’ என்ற ஒரு சொல்தான் தேறும். இது யாரும் சொல்லக்கூடிய சாதாரண நக்கல். இதையே இப்படி மாற்றிப் பாருங்கள்:

“டேய், என் சங்கிலிய எங்கயாவது பாத்தியா?”
“சேட்டு கடையில இருக்கு.”
“எப்பப் பாரு விளையாட்டு.”
“ரசீது சட்டைப் பையிலதான் இருக்கு. எடுத்துக் காட்டவா?”
“காட்டுவ, காட்டுவ. முதல்ல பீரோவ நகத்து, பின்னாடி விழுந்திருக்கும்.”

மகன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மிகைப்படுத்தலும் இல்லை. நம்ப முடியாமல் செய்வது அவன் தானாக முன்வந்து ரசீதை நீட்டுவதுதான். தப்பு செய்தவன் மறைப்பான் என்பது எல்லாருடைய கணக்கு. எனவே ஆதாரத்தைக் காட்டட்டுமா என்று கேட்பவனிடம் ஆதாரமே இருக்காது என்று அம்மா தானாகவே முடிவுகட்டுகிறாள். அந்த முடிவை அவளே எடுக்க வேண்டும். அவன் எடுத்துக் கொடுத்தால் காட்சி படுத்துவிடும்.

இந்த உத்தியின் மிகச் சுத்தமான வடிவம் எட்கர் ஆலன் போ 1846இல் எழுதிய ‘அமோன்டில்லாடோ பீப்பாய்’ சிறுகதையில் இருக்கிறது. பழிவாங்கத் துடிக்கும் மாண்ட்ரெசார், குடிபோதையில் இருக்கும் ஃபார்ச்சுனாட்டோவை ஒயின் இருக்கிறதென்று சொல்லி நிலவறைக்குள் அழைத்துப்போகிறான். அங்கே ஃபார்ச்சுனாட்டோ ஃப்ரீமேசன் சங்கத்தாரின் ரகசிய சைகை ஒன்றைச் செய்து, நீயும் மேசனா என்று கேட்கிறான். ஆமாம் என்கிறான் மாண்ட்ரெசார். அடையாளம் காட்டு என்றதும் அங்கிக்குள்ளிருந்து ஒரு கொத்துக் கரண்டியை எடுத்து நீட்டுகிறான். மேசன் என்றால் கொத்தனார் என்றும் பொருள் அல்லவா? ‘விளையாடுகிறாய்’ என்று ஃபார்ச்சுனாட்டோ இரண்டடி பின்வாங்குகிறான், அப்புறம் வா ஒயினைப் பார்க்கலாம் என்று நடக்கிறான். சற்று நேரத்தில் அதே கரண்டியால் சுவர் எழுப்பி அவனை உயிரோடு அடைத்துவிடுகிறான் மாண்ட்ரெசார். கொலைக் கருவியையே கையில் எடுத்துக் காட்டியும் பலியாள் பார்க்கவில்லை. இருமலால் நான் சாகமாட்டேன் என்று அவன் சொல்லும்போது மாண்ட்ரெசார் ‘உண்மைதான்’ என்று ஆமோதிப்பதும் அதே ரகம்.

கேட்பவர் ஏன் நம்பவில்லை என்பதற்கு அவருக்குள்ளேயே ஒரு காரணம் வேண்டும் என்பதும் இந்தக் கதையில் தெரியும். ஃபார்ச்சுனாட்டோவுக்குப் போதை, ஒயின் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற கர்வம், சீக்கிரம் பீப்பாயைப் பார்க்க வேண்டும் என்ற அவசரம். நம் அம்மாவுக்கு மகன் மேல் பாசம், அதோடு பீரோவுக்குப் பின்னால்தான் விழுந்திருக்கும் என்று ஏற்கெனவே ஒரு தீர்மானம். ‘சரி, காட்டு’ என்று அவள் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அதைத் தடுக்க வேறொரு வேலையும் அவள் கையில் இருக்கட்டும்: அடுப்பில் பால் பொங்குகிறது, கையெல்லாம் மாவு. காரணமே இல்லாமல் நம்பாமல் போகிற பாத்திரம் முட்டாளாகத் தெரியும். அப்போது வாசகரின் கோபம் அந்தப் பாத்திரத்தின் மேல் வராது, உங்கள் மேல்தான் வரும்.

சொல்பவனுக்கும் முன்கதை வேண்டும். சாதுவாகப் பேசுகிறவன் திடீரென்று ஒருநாள் நக்கலடித்தால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். ஒப்புதலுக்கு முன்பே அவன் இரண்டு இடங்களிலாவது அதே மாதிரிப் பேசியிருக்க வேண்டும். அவை அற்ப விஷயங்களாக, உண்மையிலேயே பொய்யாக இருக்க வேண்டும். “ஏண்டா லேட்டு?” “முதலமைச்சர் கூப்பிட்டுப் பேசிட்டிருந்தார்.” இந்த ரகம். அதில் ஒன்றாவது அம்மாவின் காதில் விழுந்திருக்கட்டும். பாரதப் போரில் நடப்பது இதற்கு நேர்மாறு. அசுவத்தாமன் இறந்தான் என்று தருமர் சொன்னதைத் துரோணர் நம்பியதற்குக் காரணம், தருமர் வாயில் பொய்யே வராது என்ற பெயர். யானை என்ற சொல்லை மட்டும் அவர் தாழ்ந்த குரலில் விழுங்கினார். அங்கே நல்ல பெயர் பாதி உண்மையை முழு உண்மையாக நம்பவைத்தது. இங்கே விளையாட்டுப் பிள்ளை என்ற பெயர் முழு உண்மையையே செல்லாக்காசாக்கிவிடுகிறது.

தமிழ் உரையாடலில் ஒரு வழுக்குமரம் உண்டு. கேலியைக் காட்ட நம்மிடம் விகுதிகள் ஏராளம், அவற்றை வினைச்சொல்லில் ஒட்டினால் ஒப்புதல் கெட்டுப்போகும். “நான்தான் எடுத்தேனாம்” என்றால் யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்வதாகிவிடுகிறது. “எடுத்தேனாக்கும்” என்றால் கேலி தூக்கலாகி, வாசகர் அந்த வரியை உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். தொனியைத் தகவல் வாக்கியத்துக்கு வெளியே வையுங்கள். “பின்ன? நான்தான் எடுத்தேன்.” “வேற யாரு, நான்தான்.” இதில் ‘பின்ன’வும் ‘வேற யாரு’வும் கேலியைச் சுமக்கும், அடுத்து வரும் வாக்கியம் சுத்தமாக இருக்கும். தனியாக வெட்டி எடுத்தால் அப்படியே வாக்குமூலம்.

கதைசொல்லியின் வாய்க்கும் பூட்டுப் போட வேண்டும். “என்று விளையாட்டுக்குச் சொன்னான்” என்று நீங்கள் எழுதினால், பொய் சொன்னது கதைசொல்லி. “வழக்கம்போல் கேலி செய்கிறான் என்று அவளுக்குப் பட்டது” என்று எழுதலாம், அது அவள் எண்ணம்தானே. ஒன்றும் எழுதாமல் அவளுடைய பதிலை மட்டும் வைப்பது இன்னும் நல்லது.

வாசகருக்கு முன்கூட்டியே தெரியுமா, தெரியாதா என்பதை எழுத உட்காரும் முன்பே தீர்மானியுங்கள். இரண்டுக்கும் கட்டுமானம் வேறு. தெரியுமென்றால் காட்சியை இழுக்கலாம், ரசீது நுனி பையில் தெரிகிறது, அம்மா சட்டையைத் துவைக்கக் கேட்கிறாள் என்று பதற்றத்தைக் கூட்டலாம். போ எடுத்துக்கொண்டது இந்த வழி. பழிவாங்கும் திட்டம் அங்கே முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. தெரியாதென்றால் அந்த வரியை மறைத்து நட வேண்டும். அத்தியாயத்தின் கடைசி வரியாகவோ தனிப் பத்தியாகவோ வைக்காதீர்கள், இரண்டு வரிக்குள் பேச்சு வேறு விஷயத்துக்குத் தாவட்டும். மேலே அம்மா பீரோவை நகர்த்தச் சொல்வது அதற்குத்தான். திரைக்கதையென்றால் அந்த இடத்தில் முகத்துக்கு நெருக்கக் காட்சியும் வேண்டாம், பின்னணி இசையும் வேண்டாம். நம் மெகா சீரியல்களில் மூன்று முறை ‘டொய்ங்’ அடித்துக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

குற்றக் கதையில் போலீசாரிடம் இப்படிப் பேசும் காட்சி வைத்தால் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. 1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 23ஆம் பிரிவு. எனவே “ஆமா சார், நான்தான் கொன்னேன், போதுமா?” என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னதை வைத்தே தண்டனை வாங்கித் தரும் முடிவு நிற்காது. ஆனால் காவலில் இருப்பவன் “கத்தி ஊர்க் கிணத்துல கிடக்கு, எறங்கித் தேடுங்க” என்று நக்கலாகச் சொல்லி, அதன்பேரில் போய்க் கத்தியும் கிடைத்துவிட்டால், கண்டுபிடிக்க வழிவகுத்த அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாகும். பழைய 27ஆம் பிரிவு அதுதான். டீக்கடைக்காரரிடமோ மச்சானிடமோ சொன்னது வேறு கணக்கு: அது நீதிமன்றத்துக்கு வெளியே செய்த ஒப்புதல், ஏற்கலாம், ஆனால் பலவீனமான சாட்சியம் என்பதால் துணை ஆதாரம் தேடுவார்கள். “அவர் தமாஷாத்தான் சொன்னாருங்க” என்று கூண்டில் நின்று மச்சான் சொல்லும்போது குறுக்கு விசாரணை எங்கே போகும் என்று யோசியுங்கள், நல்ல காட்சி ஒன்று கிடைக்கும்.

அவன் ஏன் உண்மையைச் சொல்கிறான் என்பதையும் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும், கதையில் எழுதாவிட்டாலும். பொய் சொல்லக் கூசுகிறானா, மாட்டிக்கொண்டால் தேவலை என்றிருக்கிறானா, முட்டாளாக்குவதில் ருசியா? மூன்றுக்கும் குரல் வேறு வேறு. மாட்டிக்கொள்ள விரும்புகிறவன் இரண்டாவது முறையும் சொல்லிப் பார்ப்பான். ருசிக்காகச் செய்பவன் ஒரே முறையோடு நிறுத்திக்கொள்வான்.

உண்மை வெடிக்கும் இடத்தில் பழைய வசனத்தை முழுசாகத் திரும்ப ஒப்பிக்க வேண்டாம். ஒரு பொருள் போதும்: சட்டை துவைக்கப் போகிறது, பையிலிருந்து ரசீது வருகிறது. அவன் “நான்தான் அன்னைக்கே சொன்னேனே” என்பான். அம்மாவின் கோபம் சங்கிலி போனதற்காக வருவதைவிட, தான் அன்று சிரித்ததற்காக வந்தால் காட்சி கனக்கும்.

ஒரு கதையில் ஒரு முறைக்கு மேல் இது செல்லாது. இரண்டாவது தடவை வைத்தே தீர வேண்டுமென்றால், தொனி எட்டாத ஒருவரிடம் அவன் மாட்டட்டும். “மாமா, சேட்டு கடைன்னா எது, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கே அதுவா?” என்று கேட்கிற அக்கா மகள் போதும். அல்லது அதை வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்யவிடுங்கள்; அங்கே குரல் கேட்காது, எழுத்து அப்படியே நிற்கும்.