எம்.ஆர்.ஐ படம் ஏன் மங்கலா வருது?

கேள்வி: அம்மாவுக்கு மூட்டு வலின்னு இங்க மாட்டுங்கா பக்கம் ஒரு சென்டர்ல எம்.ஆர்.ஐ எடுத்தோம், படம் தெளிவா இல்ல மறுபடி எடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. 3 டெஸ்லா மெஷின்ல எடுத்தா சரியாயிடுமா சார்?
- வாசகி, தாராவி, மும்பை

பதில்: மெஷின மட்டும் பாக்காதீங்கம்மா. டெஸ்லாங்கிறது மெஷின்ல இருக்குற காந்தத்தோட பலம்; 3 டெஸ்லால 1.5ஐ விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சிக்னல் (படம் உருவாக உடம்புல இருந்து வர்றது) கிடைக்கும், உண்மைதான், ஆனா செட்டிங் சரியா இருந்தா மூட்டுக்கு 1.5லயே அருமையா எடுக்கலாம். ஸ்லைஸ, அதாவது ஒவ்வொரு படத்துலயும் வர்ற துண்டோட தடிமன, 4 மில்லிமீட்டர்ல இருந்து 2 ஆக்கினா நுணுக்கம் கூடும், ஆனா சிக்னல் பாதியாயிடும், படம் முழுக்க மணல் தூவின மாதிரி புள்ளி புள்ளியா தெரியும். அத சரிக்கட்டணும்னா அதே இடத்த 4 தடவை எடுத்து சராசரி போடணும், 4 தடவை எடுத்தாத்தான் ரெண்டு மடங்கு தெளிவு, அப்ப 3 நிமிஷத்துல முடியறது 12 நிமிஷம் ஆகும், வலியோட படுத்திருக்குற அம்மா அவ்வளவு நேரம் கால அசைக்காம இருப்பாங்களா சொல்லுங்க? அசைஞ்சா எலும்பு ஓரமெல்லாம் ரெட்டை ரெட்டையா விழும். அடுத்த ஆளு வெளிய நிக்கிறாருன்னு அவசரமா முடிச்சாலும் மங்கும், வயசானவங்கள ரெண்டு தடவை அலைய விடறது ரொம்ப தப்பு.

பழைய படத்த டாக்டர்கிட்ட காட்டி அசைவா, சிக்னல் கம்மியான்னு கேளுங்க. அசைவுன்னா வலி மாத்திரை எப்ப குடுக்கலாம்னு அவர்கிட்டயே கேட்டுக்கோங்க, கால் ரெண்டு பக்கமும் ஸ்பாஞ்ச் வெச்சு இறுக்க சொல்லுங்க. மூட்டுக்குன்னே இருக்குற காயில் (சிக்னல பிடிக்க மூட்டு மேல வெக்கிற கருவி) போடுறாங்களான்னும் பாருங்க. உள்ள பிளேட், ஸ்க்ரூ இருந்தா முன்னாடியே கட்டாயம் சொல்லிடுங்க, 3 டெஸ்லால அதச் சுத்தி படம் இன்னும் கெடும்.